திரும்பி வந்த போண்டாத் தட்டு

கல்யாணச் சமையலுக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்களுக்குச் சொல்கிறேன். உப்பு எவ்வளவு, உலை எப்போது வைப்பது என்பதெல்லாம் அடுப்பே உங்களுக்குச் சொல்லித் தந்துவிடும். நாலு கல்யாணம் பார்த்தால் கை தானாகப் பழகிப் போகும். நான் சொல்ல வந்தது வேறு. சமைத்தாகிவிட்டது, ஆட்கள் வந்தாகிவிட்டது, ஒருத்தரும் சாப்பிடவில்லை. அப்போது என்ன செய்வீர்கள்? எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியவில்லை.

எனக்குப் படிப்பு கம்மி. இதைக்கூட எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், அதனால் மெதுவாகத்தான் வரும். ஆனால் திருவண்ணாமலையில் குப்பம்மா வைத்த சாம்பார் என்றால் தெரியாத வீடு அப்போது கம்மி. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

எழுபதுகளில் நடந்தது இது. பெரிய அடுப்பு என்றால் ஆம்பளைதான் நிற்பான். பெண்கள் காய் நறுக்கலாம், மாவு அரைக்கலாம், அண்டா கழுவலாம், கரண்டியைப் பிடிக்கக் கூடாது. நானும் ஒரு மாஸ்டரிடம் பல வருஷம் காய் நறுக்கினேன். அவர் ஜாஸ்தி பேச மாட்டார். ஒன்று மட்டும் அடிக்கடி சொல்வார்: "மூஞ்சியப் பாக்காத குப்பம்மா, அது மரியாதைக்குச் சிரிக்கும். தட்டு எப்படித் திரும்பி வருதுன்னு பாரு." அவருக்கு முட்டி வலி வந்து வீட்டோடு இருந்துவிட்டார். அப்போதுதான் வேங்கிக்கால் ரோட்டில் நெல் மில் வைத்திருந்தவர் என்னைக் கூப்பிட்டு, எழுபது பேருக்கு நீயே நின்று சமைக்கிறாயா என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன்.

என்ன விசேஷம் என்று கேட்டேன். விசேஷம் இல்லை, பேச்சு என்றார்.

அந்த மில்லுக்காரர், பஜாரில் தையல் கடை வைத்திருந்த ஒரு பாய், சர்ச்சில் இருந்த ஒரு பாஸ்டர், மூன்று பேரும் சேக்காளிகள். சாயந்தரமானால் பாய் கடையில் உட்கார்ந்து சாமியைப் பற்றிப் பேசுவார்கள். சண்டை மாதிரி இருக்கும், ஆனால் சண்டை இல்லை. "ஒங்க சாமி ஏன் மலையா நிக்குது?" என்று பாய் கேட்பார். "ஒங்களுக்கு ஏன் கண்ணுலயே காட்ட மாட்டேங்குது?" என்று மில்லுக்காரர் கேட்பார். பாஸ்டர் இருவருக்கும் டீ சொல்வார். இந்தப் பேச்சை நாம் மட்டும் பேசினால் போதுமா, நம் ஆட்களும் வந்து கேட்கட்டும், அவர்களும் கேள்வி கேட்கட்டும் என்று ஒருநாள் தோன்றியிருக்கிறது. கோயில், மசூதி, சர்ச் எதுவும் வேண்டாம், மில் கொட்டகை பொது இடம் என்று முடிவு செய்தார்கள். காலையில் பேச்சு, மத்தியானம் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பாடு.

ஊரில் சிரித்தார்கள். "பேசுவாங்க. பேச்சு யாருக்கு வலிக்குது? ஒரே பந்தியில ஒக்காந்து துன்னுவாங்களா பாரு" என்றார்கள். மில்லுக்காரரின் பங்காளிகளே பந்தயம் கட்டாத குறை. சாப்பாடு தொடாமல் கூட்டம் கலைந்தால் அடுத்த கூட்டம் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். எனக்கு இன்னொன்றும் தெரியும். அன்றைக்குச் சோறு மிஞ்சினால், பொம்பளை கையில் கரண்டி கொடுத்த கதை என்று ஊரே பேசும். அப்புறம் நான் சாகும் வரை காய்தான் நறுக்க வேண்டும்.

ஆகவே எல்லாம் விசாரித்தேன். கறி வேண்டாம், பூண்டு வெங்காயம் வேண்டாம், அப்போதுதான் எல்லாரும் சாப்பிடலாம் என்றார்கள். சரி. சாம்பார், ரசம், ரெண்டு பொரியல், பாயசம். காலையில் வந்தவுடன் போண்டா, காபி.

அன்றைக்குச் சனிக்கிழமை, பௌர்ணமி. காலையில் ஜனங்கள் வந்து மில் களத்தில் போட்டிருந்த பந்தலில் உட்கார்ந்தார்கள். ஆம்பளைகள் ஒரு பக்கம், நெல் மூட்டை அடுக்கின பக்கம் பெண்கள். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது, பொரியல் ஒன்று இறக்கிவிட்டேன். என்கூட வேலை செய்த பச்சையம்மா போண்டாத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் தூணோரம் நின்று பார்த்தேன். முதலில் உட்கார்ந்திருந்தவர் தட்டை வாங்கினார், சிரித்தார், பக்கத்து ஆளிடம் "நீங்க எடுத்துக்கோங்க" என்று நீட்டினார். அவர் வாங்கினார், அவரும் சிரித்தார், அடுத்தவரிடம் கொடுத்தார். தட்டு வரிசை முழுக்கப் போயிற்று. கோயில் பிரசாதத் தட்டுகூட அவ்வளவு மரியாதையாகப் போகாது. கடைசியில் பச்சையம்மா கைக்குத் திரும்பி வந்தபோது போன போண்டா அப்படியே இருந்தது. குழந்தைகள் ரெண்டு பேர் கையில் மட்டும் ஒவ்வொன்று.

காபியும் அப்படியே திரும்பி வந்து ஆறிப்போனது.

பச்சையம்மா தட்டைப் பொத்தென்று வைத்தாள். "ஊர்ல சொன்னது சரியாப் போச்சுக்கா. ஒருத்தன் தொட்ட தட்ட இன்னொருத்தன் தொட மாட்டேங்கறான்."

"தொட்டாங்களேடி. எல்லாரும் தொட்டாங்க. யாரும் எடுக்கலை, அவ்ளோதான்."

வாயில் அப்படிச் சொல்லிவிட்டேன். அடுத்து உலையில் அரிசி போட வேண்டும். எழுபது பேர் அரிசி. போட்டால் போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. அடுப்பில் விறகைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டுப் பெண்கள் பக்கம் போனேன். ஆம்பளைகளிடம் கேட்டால் ஒன்றும் இல்லை என்பார்கள்.

பாயின் சம்சாரம் ஜுலைகா அக்கா ஓரமாக இருந்தார். குனிந்து கேட்டேன். அவர் என் காதருகே வந்தார். "நேத்து ராத்திரி பராஅத் ராவு மா. விடிய விடிய தொழுதோம். இன்னிக்கு நோன்பு. இது ரமலான் மாதிரி ஊருக்கே தெரியற நோன்பு இல்ல. வெளிய சொல்லிடாத. மத்தவங்க நிம்மதியா சாப்பிடட்டும்."

பாஸ்டரின் சம்சாரம் எஸ்தர் அம்மாவிடம் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாசத்துல ஒரு சனிக்கிழம எங்க சபைக்கு உபவாசம் குப்பம்மா. ஆறு மணி வரைக்கும் ஒண்ணும் எடுக்க மாட்டோம். சொல்லிக்காத, பாவம், மத்தவங்க சாப்பிடணும்ல."

மில்லுக்காரரின் அம்மாவிடம் போனேன். அந்த அம்மா கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "பௌர்ணமியாச்சே. நானும் எம் புள்ளையும் மட்டும் இல்ல, எங்க பக்கம் வந்தவங்க முக்கால்வாசி விரதம். நிலாவப் பாத்துட்டுத்தான் வாயில தண்ணி. நீ கம்முனு இரு. அவங்களுக்குத் தெரிஞ்சா சாப்பிடாமப் போயிடுவாங்க."

மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள், சொல்லாதே, மற்றவர்கள் சாப்பிடட்டும் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வருஷக் கணக்காகச் சாமியைப் பற்றிப் பேசிய மூன்று ஆம்பளைகள், அன்றைக்கு நான் சாப்பிட மாட்டேன் என்பதை மட்டும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. நாள் குறிக்கிறபோது ஒவ்வொருத்தரும், நம் கஷ்டம் நம்மோடு, நாம் நின்று பரிமாறலாம், அவர்கள் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். மூன்று பேரும் பரிமாற நின்றால் யார் சாப்பிடுவது? விரதம் இல்லாதவர்களும் நாலு பேர் இருந்தார்கள்தான். பக்கத்தில் பெரியவர் எடுக்காதபோது அவர்கள் எப்படிக் கை நீட்டுவார்கள்?

பச்சையம்மா யோசனை சொன்னாள். "கம்முனு சோத்த வடிக்கா. எலயப் போட்டு முன்னாடி வெச்சிட்டா வெக்கப்பட்டாவது துன்னுடுவாங்க. நம்ம பேரு தப்பிச்சிக்கும்."

அவள் சொன்னது நடந்திருக்கும். இலை போட்ட பிறகு எழுந்து போகிற அளவுக்கு அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆனால் நான் யோசித்தேன், பெண்களே, நன்றாக யோசித்தேன். இன்றைக்குச் சாப்பிட்டுவிடுவார்கள். ராத்திரி வீட்டுக்குப் போய், அவங்களால என் விரதம் போச்சு என்று ஒவ்வொருத்தரும் சொல்வார்கள். தட்டு காலியாக வரும், அடுத்த தடவை ஆள் வராது.

கரண்டியோடு பந்தலுக்கு நடுவில் போய் நின்றேன். பாஸ்டர் அன்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாவம், நாக்கு உலர்ந்து போயிருந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம். நான் சாமியப் பத்திப் பேச வரலை, சோத்தப் பத்திப் பேச வந்தேன். ஒலை கொதிக்குது. மத்தியானம் எல போட்டா சாப்பிடறவங்க கையத் தூக்குங்க. அந்த அளவுக்கு அரிசி போடறேன்."

குழந்தைகள் தூக்கினார்கள். மாசமாக இருந்த ஒரு பெண் பாதி தூக்கினாள். வேறு கை இல்லை.

யார் ரகசியத்தையும் நான் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். மில்லுக்காரர் பாயைப் பார்த்தார். பாய் பாஸ்டரைப் பார்த்தார்.

"ஏன் பாய், நீங்க சாப்பிடலியா?"

"நான் இருக்கட்டும் அண்ணே. நீங்க ஏன் தூக்கலை?"

"எனக்குப் பௌர்ணமி. எனக்காகவா சோறு? உங்களுக்காகத்தானே சொன்னேன்."

"எனக்கு நோன்பு. நானும் உங்களுக்காகத்தான் வாயத் தொறக்கலை." பாய் திரும்பினார். "பாஸ்டர், நல்லவேள, நீங்களாவது சாப்பிடுவீங்க."

பாஸ்டர் கையிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சபையே உபவாசம் பாய்."

அப்புறம் கிளம்பிய சிரிப்பை நான் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் வந்தது. ஜுலைகா அக்கா முக்காட்டை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மில்லுக்காரரின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல கூட்டம் சேத்தீங்கடா, பட்டினி கெடக்கறவனாப் பாத்து விருந்துக்குக் கூப்பிட்டிருக்கீங்க" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் வேறு வம்பு வந்தது. பாஸ்டர் எழுந்து, "இந்தம்மா இவ்வளவு சமைச்சிருக்காங்க. நாங்க உபவாசத்த இன்னொரு நாள் வெச்சிக்கறோம், நீங்க மனசு சங்கடப்படாதீங்க" என்றார். உடனே பாய், "இது கட்டாய நோன்பு இல்ல. விருந்துக்கு மரியாத குடுத்து விடலாம்" என்றார். மில்லுக்காரர், "என் விரதம்தானே, நான் விட்டுடறேன்" என்றார். மறுபடியும் போண்டாத் தட்டு மாதிரியே ஆரம்பித்துவிட்டார்கள். இந்தத் தடவை சுற்றிப் போனது விரதம்.

எனக்கு அது லாபம்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சோறு செலவாகிவிடும். நான் கரண்டியைத் தூக்கினேன். "யாரும் எனக்காக ஒண்ணும் விட வேணாம். விட்டா நான் அடுப்ப அணைச்சிட்டுப் போயிடுவேன். எப்போ முடிப்பீங்க, அத மட்டும் சொல்லுங்க."

"சூரியன் எறங்கினா" என்றார் பாய்.

"நிலா ஏறினா" என்றார் மில்லுக்காரர்.

"ஆறு மணி ஜெபம் முடிஞ்சா" என்றார் பாஸ்டர்.

"பௌர்ணமியில சூரியன் இந்தப் பக்கம் எறங்க, நிலா அந்தப் பக்கம் ஏறும். எல்லாம் ஒரே நேரந்தானேய்யா. சாயந்தரம் பந்தி. நீங்க பேசுங்க."

பேசினார்கள் பாருங்கள், அதுதான் பேச்சு. காலையில் பேசியதெல்லாம் மேடைப் பேச்சு. இப்போது ஏன் பட்டினி கிடக்கிறோம் என்று பேச்சு கிளம்பியது, எல்லாருக்கும் அதைப் பற்றிச் சொல்ல விஷயம் இருந்தது. பாதி அடுப்பை அணைத்துவிட்டு நானும் உட்கார்ந்து கேட்டேன்.

ஒரு சின்னப் பெண், யார் வீட்டுப் பெண்ணோ, "பசிக்கறப்போ சாமி ஞாபகம் வருமா, சோத்து ஞாபகம் வருமா?" என்று கேட்டாள்.

"சோறுதான்" என்றார் மில்லுக்காரரின் அம்மா.

"எனக்கும் சோறுதான் மொதல்ல" என்றார் ஜுலைகா அக்கா. "அப்புறம், இது இல்லாதவங்களுக்கு எப்படி இருக்கும்னு தோணும். அதுக்கப்புறந்தான் அல்லா."

பாஸ்டர், உபவாச நாளில் மிச்சமாகிற அரிசியைச் சபையில் இல்லாதவர்களுக்குக் கொடுப்போம் என்றார். பச்சையம்மா தேங்காய் துருவிக்கொண்டே அங்கிருந்து கத்தினாள்: "எங்க ஊட்ல வருஷத்துல பாதி நாள் விரதம் சாமி. எந்த சாமிக்குன்னுதான் இதுவரைக்கும் தெரியல."

பாய் அவள் பக்கம் திரும்பி, "அந்தக் கேள்விக்கு எங்க மூணு பேர் கிட்டயும் பதில் இல்லம்மா" என்றார். பாஸ்டர் தலையை ஆட்டினார். அன்றைக்குப் பேசியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். தெரியாததைத் தெரியாது என்று மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

போண்டாவையும் வைத்த பொரியலையும் குழந்தைகளுக்கும் அந்த மாசமாக இருந்த பெண்ணுக்கும் கொடுத்து, மீதியை எதிரே செங்கல் சூளையில் வேலை செய்தவர்களுக்கு அனுப்பினேன். காலையில் செய்ததைச் சாயந்தரம் வைத்தால் கெட்டுப் போயிருக்கும். மத்தியானத்துக்கு மேல் புதிதாக ஆரம்பித்தேன். வெறும் வயிற்றில் சாம்பார் இறங்காது, முதலில் கஞ்சி வேண்டும் என்று தோன்றியது. ஜுலைகா அக்கா எழுந்து வந்தார், எஸ்தர் அம்மா வந்தார், மூட்டைப் பக்கம் பாதி காலி.

"பூண்டு இல்லாமக் கஞ்சியா?" ஜுலைகா அக்காவுக்கு நம்பிக்கை இல்லை.

"மில்லுக்காரரு வீட்டுப் பெரியம்மா பூண்டு தொட மாட்டாங்கக்கா. வெந்தயமும் இஞ்சியும் போடலாம், தேங்காப் பால் ஊத்தலாம்."

"சரி, புதினா போடு. புதினா எந்த விரதத்துக்கும் ஆகும்."

உப்புப் பார்க்க மட்டும் ஆள் இல்லை. அடுப்படிக்கு வந்த பெண்களில் நானும் பச்சையம்மாவும்தான் வாயில் வைக்கலாம். பத்துப் பேர் அடுப்பைச் சுற்றி நின்று, நான் நக்கிப் பார்ப்பதையே பார்த்தார்கள். "போதுமா? போதுமா?" என்று கேட்டார்கள். அப்படி ஒரு மரியாதை எனக்கு எந்தப் பந்தியிலும் கிடைத்ததில்லை.

சாயந்தரம் இலை போட்டோம். சூரியன் மலைப் பக்கம் இறங்கியது. பாய் பேரீச்சம்பழம் எடுத்து, தண்ணீர் குடித்து நோன்பு திறந்தார். அவர் ஆட்கள் களத்து ஓரத்தில் தொழுதார்கள். பந்தலுக்குள் பாஸ்டர் ஜெபம் முடித்தார். எல்லாரும் வந்து இலை முன்னால் உட்கார்ந்தார்கள். இலைக்குப் பக்கத்தில் குவளை வைத்துக் கஞ்சி ஊற்றினேன்.

நிலா வரவில்லை.

ஆடி மாச மேகம். கிழக்கே மூட்டம் போட்டிருந்தது. மில்லுக்காரரும் அவர் அம்மாவும் அவர்கள் ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வயசான அந்த அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. "நீங்கல்லாம் குடிங்க, ஆறிப் போயிடும்" என்றார். மற்றவர்கள் குடித்திருந்தால் யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் பாதிப் பேர் சாப்பிட்டு எழ, பாதிப் பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது ஒரே பந்தி இல்லை. இதற்கு என்னிடம் யோசனை இல்லை. நிலாவை நான் எங்கே போய் வாங்கி வருவேன்?

பாய் கஞ்சியைத் தள்ளி வைத்தார். "தண்ணி குடிச்சாச்சு, நோன்பு தொறந்தாச்சு. கஞ்சிக்கு என்ன அவசரம் பெரியம்மா? ஒங்க நிலா வரட்டும்." பாஸ்டரும் கையை எடுத்துக்கொண்டார். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர், வரிசை முழுக்கக் கை பின்னால் போயிற்று.

பாய் எழுந்து நெல் மூட்டை அடுக்கின் மேல் ஏறினார். நரைத்த தாடி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டைக்கு மூட்டை தாவினார். அவருடைய மச்சினரும் ஏறினார், இன்னும் ரெண்டு பேர் ஏறினார்கள். மில்லுக்காரர் கீழே நின்று, "பாய், விழுந்து வெக்காதீங்க, மூட்டை சரியும்" என்று கத்தினார்.

"சும்மா இருங்கண்ணே. கோடு மாதிரி இருக்கற பெறயவே நாங்க விட மாட்டோம். இவ்ளோ பெரிய நிலாவ விட்டுடுவமா?"

நெற்றிக்குக் கையை வைத்துப் பார்த்தார்கள். ஒருத்தர் அந்தப் பக்கம் என்றார், இன்னொருத்தர் இல்லை இந்தப் பக்கம் என்றார். பந்தியில் இருந்தவர்கள் மூச்சு விடாமல் அவர்களையே அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் பாய் கையை நீட்டினார். "பனமரத்துக்கு எடது பக்கம். மேகத்துக்குள்ள செவப்பாத் தெரியுது. பெரியம்மா, எழுந்து வாங்க, தெரியுது."

எஸ்தர் அம்மா அந்த அம்மாவைக் கையைப் பிடித்துத் தூக்கினார். மேகம் விலகி விளிம்பு தெரிந்தது. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். உட்கார்ந்து கஞ்சியைத் தூக்கினார். அப்புறம் எழுபது பேர் கஞ்சி உறிஞ்சுகிற சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் தூணில் சாய்ந்துகொண்டேன். ரெண்டாவது தடவை சோறு கேட்டார்கள், மூன்றாவது தடவை ரசம் கேட்டார்கள். இலைகள் வழித்த மாதிரி திரும்பி வந்தன. பச்சையம்மா அண்டாவின் அடியைச் சுரண்டித்தான் எங்களுக்குச் சோறு எடுத்தாள்.

நாங்கள் பாத்திரம் கழுவுகிறபோது மூன்று பேரும் அடுப்படிக்கு வந்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு நாள் வைக்க வேண்டும், என்னைக் கேட்காமல் வைப்பதில்லை என்றார்கள். சரி, அவரவர் பட்டினி நாளைச் சொல்லுங்கள் என்றேன். இந்தத் தடவை யாரும் மறைக்கவில்லை. மில்லுக்காரர் கிருத்திகை, பிரதோஷம், பௌர்ணமி என்றார். பாஸ்டர் அவர்கள் சனிக்கிழமையைச் சொன்னார், வெள்ளிக்கிழமை ராத்திரி ஜெபத்தைச் சொன்னார். பாய் அடுத்த மாசம் முழுக்க ரமலான் என்றார், அதற்கப்புறமும் ஆறு நோன்பு உண்டு என்றார். "சாப்பிடறதுக்குன்னு நாள் ஏதாவது விட்டு வெச்சிருக்கீங்களா?" என்று பச்சையம்மா கேட்டாள். கழித்துக் கழித்து, கடைசியில் ரமலான் முடிந்து சில வாரம் கழித்து ஒரு புதன்கிழமை கிடைத்தது. எந்தச் சாமிக்கும் பட்டினி இல்லாத நாள். மூன்று பேரும் சந்தோஷமாகக் கிளம்பினார்கள்.

பாய் மட்டும் நின்றார். திரும்பி என்னிடம் வந்தார்.

"குப்பம்மா, இப்பவே சொல்லிடறேன். பெருநாளுக்கு அப்புறம் பல்லப் புடுங்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அந்தப் புதன்கிழம என்னால எதையும் மெல்ல முடியாது. எனக்கு மட்டும் கஞ்சி வெச்சிடு."

"பூண்டு போட்டா, போடாமலா?"

"போடாம" என்றார் பாய். "அதுதான் நல்லா இருந்துச்சு."